காலனியம் மண்ணையும் காட்டையும் என்ன செய்தது என்பதை நாவல்கள் வழியாகப் புரிந்துகொள்ள முடியுமா?

முடியும். ஆனால் காடு அழிவதைப் பக்கம் பக்கமாக வர்ணிக்கும் நாவலைத் தேடிப் போகாதீர்கள். நேற்றுவரை சும்மா கிடைத்த எது இன்று கிடைக்காமல் போனது என்று பாத்திரங்கள் புலம்பும் இடங்களைக் கவனியுங்கள்.

அமிதவ் கோஷின் 'சீ ஆஃப் பாப்பீஸ்' (2008) 1838-இல், இன்றைய உத்தரப் பிரதேசத்தின் காசிப்பூர் அருகே தொடங்குகிறது. நாயகி தீத்தியின் குடிசைக்குக் கூரை வேய வேண்டும், கோதுமைத் தாள் இல்லை. முன்பெல்லாம் குளிர்காலத்தில் வயல் நிறையக் கோதுமை நிற்கும். அறுவடை முடிந்தால் கூரைக்குத் தாள் தானாகக் கிடைத்துவிடும். இப்போது எங்கு பார்த்தாலும் அபினிச் செடி. அபினி வணிகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகம். முன்பணத்தைக் கையில் திணித்துவிட்டுப் போவார்கள், விளைந்ததை அவர்கள் வைத்த விலைக்கே கொடுத்தாக வேண்டும். சரக்கு சீனாவுக்குப் போகும். கோதுமையும் பருப்பும் விளைந்த மண்ணில் நின்றுகொண்டு, அதே தானியத்தைக் கடன்பட்டு வாங்குகிறான் உழவன். ஒற்றைப்பயிர் பற்றி எத்தனையோ கட்டுரை படித்திருக்கிறேன். அந்தக் கூரை அளவுக்கு எதுவும் எனக்கு உறைத்ததில்லை.

கென்யாவின் கூகி வா தியாங்கோ எழுதிய 'பெட்டல்ஸ் ஆஃப் பிளட்' (1977) நாவலில் இல்மொரோக் கிராமம் மழையின்றித் தவிக்கிறது. மரங்கள்தான் மழையை அழைத்துவந்தன, அந்தக் காட்டை ரயில் தின்றுவிட்டது என்கிறார்கள் பெரியவர்கள். இதை வெறும் கிராமத்து நம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. மொம்பாசாவிலிருந்து ஆங்கிலேயர் போட்ட ரயில்பாதை 1901-இல் விக்டோரியா ஏரியை எட்டியது. அதன் இன்ஜின்கள் விறகில் ஓடின. கூகி அத்தோடு வெள்ளைக்காரனைத் திட்டிவிட்டு நிறுத்தவில்லை. விடுதலைக்குப் பின் அதே ஊருக்கு நெடுஞ்சாலை வருகிறது, வங்கிக் கடன் வருகிறது, மது ஆலை வருகிறது. விவசாயியின் நிலம் மறுபடியும் பறிபோகிறது, இம்முறை உள்ளூர் முதலாளிகளிடம்.

இந்தியக் காட்டுக்கும் இதே கதைதான். ஆங்கிலேயரின் 1878 வனச் சட்டம் பெருங்காடுகளை அரசின் சொத்தாக்கி, அங்கு வாழ்ந்தவர்களை அத்துமீறுபவர்கள் ஆக்கியது. அதன் வாரிசான 1927 சட்டம் இன்றும் நம்மிடம் இருக்கிறது. ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளர்ந்த பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவைப் பற்றிய மகாஸ்வேதா தேவியின் நாவல் 'ஆரண்யேர் அதிகார்' இந்தப் பறிப்பின் முதல் கட்டத்தைச் சொல்கிறது. பிந்தைய கட்டத்துக்கு கோஷின் 'தி ஹங்ரி டைட்' (2004). 1979-இல் சுந்தரவனத்தின் மரிச்ஜாப்பி தீவிலிருந்து கிழக்கு வங்க அகதிகளைச் சுதந்திர இந்தியாவின் மேற்கு வங்க அரசே விரட்டியது, காப்புக்காடு என்று காரணம் சொல்லி. விலங்குகளுக்காக எங்களைக் கொல்லத் துணிகிறவர்கள் யார் என்று அந்த அகதிகளோடு தீவில் இருக்கும் குசும் கேட்கும் இடத்தில், காட்டுப் பாதுகாப்பு என்றாலே நல்லது என்று நினைக்கும் என்னைப் போன்றவர்கள் கொஞ்சம் நெளியத்தான் வேண்டும்.

தமிழில் மட்டும் படிப்பதானால் 'எரியும் பனிக்காடு' எடுங்கள். பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா. முருகவேள் மொழிபெயர்த்திருக்கிறார். வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் மனிதர்கள் காய்ச்சலில் செத்து விழும் கதை. அதில் காடு பின்னணிதான், சூழலியல் நாவல் என்று யாரும் அட்டையில் போட மாட்டார்கள். ஆனாலும் மலையில் இருந்ததை வெட்டிவிட்டு ஒரே செடியை நட எத்தனை உயிர் தேவைப்பட்டது என்பது அதைப் படித்தால் தெரியும்.