மாடு வரைந்தால் நாய் மாதிரி வருகிறதே!

கேள்வி: எங்கள் வீட்டு மாட்டைப் பார்த்துத்தான் பென்சிலில் வரைகிறேன். முகம் ஓரளவு வருகிறது, உடம்பு மட்டும் கொம்பு வைத்த நாய் மாதிரி ஆகிவிடுகிறது. மாடும் அசையாமல் நிற்பதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முகத்தைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள், கோளாறு அங்கே இல்லை. நாய்க்கு வயிறு பின்னால் போகப்போக மேலே ஏறி ஒட்டிக்கொள்ளும். மாட்டுக்கு வயிறு கனத்துத் தொங்கும், முதுகு கிட்டத்தட்ட நேராகப் போய் இடுப்பெலும்பில் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த எலும்பு மேட்டை அழுத்தமாகப் போட்டாலே பாதி மாடு வந்துவிடும்.

அடுத்தது பின்னங்கால். நடுவில் பின்பக்கமாகத் துருத்திக்கொண்டு தெரிகிறதே, அதை முழங்கால் என்று நினைத்துக்கொண்டு வரைவதால்தான் தொடை எங்கே முடிகிறது என்பதே குழம்பிப் போகிறது. அது நம் குதிகாலுக்குச் சமம். நிஜ முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டியே இருக்கிறது. முன்னங்காலில் முட்டி என்று நாம் சொல்வதும் உண்மையில் மணிக்கட்டுதான்; தரையில் ஊன்றுவது இரண்டு விரல்களின் நகம், அதுதான் பிளந்த குளம்பு.

இணையத்தில் வரையச் சொல்லித்தரும் மாடு பெரும்பாலும் திமில் இல்லாத சீமை மாடு. உங்களுடையது காங்கேயம் மாதிரி நாட்டு மாடு என்றால் திமில் முன்னங்கால்களுக்கு நேர் மேலே உட்கார வேண்டும், பலர் அதை நடுமுதுகுக்குத் தள்ளி ஒட்டகமாக்கிவிடுகிறார்கள். காது கொம்புக்குக் கீழே, பக்கவாட்டில்.

அசைகிறது என்பதற்கு ஒரே வழி, படுத்து அசைபோடும் நேரத்தில் போய் உட்காருவது. அப்போதும் தலையைத் திருப்பும், ஈ ஓட்டும், ஆனால் திரும்பத் திரும்ப அதே நிலைக்கு வரும். அதனால் ஒரே தாளில் நாலைந்து படங்களைப் பாதியில் தொடங்கி வையுங்கள், பழைய நிலைக்கு வரும்போது அந்தப் படத்துக்குப் போங்கள். எழுந்திருக்கும்போது குதிரை முன்பக்கத்தைத் தூக்கும், மாடு பின்பக்கத்தைத்தான் முதலில் தூக்கும். அதைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம், ஃபோனில் வீடியோ எடுத்து நிறுத்திப் பாருங்கள். அப்புறம், மாமல்லபுரம் போனால் கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கும் சிற்பத்தின் முன் கொஞ்சம் நில்லுங்கள். கன்றை நக்கக் கழுத்தைத் திருப்பும் அந்தப் பசுவை நோட்டில் வரைந்து பாருங்கள், அது அசையவே அசையாது!

சரி, அடுத்து ஆடு வரைவீர்கள் என்றால் வெள்ளாட்டுக்கு வால் தூக்கி நிற்கும், செம்மறிக்குத் தொங்கும். இதை மாற்றிப் போட்டால் ஊரில் யாரும் சும்மா விடமாட்டார்கள்.