பாதியில் நிற்கும் அட்டை

அன்புள்ள ஐயா,

உடன்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் ஊர்ப் பனையேறிகளின் சொற்களை இரண்டு ஆண்டுகளாகத் தொகுத்துவருகிறேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பின்பக்கத்தில் ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை என்று எழுதியதில் நானூறுக்கு மேல் சேர்ந்துவிட்டன. செல்பேசியில் பதிந்த பேச்சு பதினோரு மணி நேரம் இருக்கிறது. அதை இன்னும் எழுத்தாக்கவில்லை. சித்திரைக் கடைசியில் சிக்குன்குனியா வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டது, வலி விடவில்லை. இன்றும் காலையில் விரல்கள் மடங்குவதில்லை. பேனா பிடித்தால் நான்கு வரிக்கு மேல் ஓடுவதில்லை. பள்ளியும் வீட்டு வேலையும் முடிந்தபின் உடம்பில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியில் உட்கார்ந்து கேட்டு எழுத நினைத்திருந்த பருவமும் ஆடியோடு போய்விட்டது. கடைசியாக எழுதிய அட்டை ‘கடிப்பு’. “பாளையை இடுக்கி நசுக்கும் மரக்கருவி, அலகுப்பனைக்கு” என்பதோடு நிற்கிறது. உடம்பு முழுதாகச் சரியாகும்வரை இதை மூட்டை கட்டி வைப்பதா, வலியோடு இழுத்துக்கொண்டு போவதா?

ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

‘சிக்குன்குனியா’ என்பது ஆப்பிரிக்காவின் மகொண்டே மொழிச் சொல். உடம்பு கோணி வளைந்துபோவதைக் குறிப்பது. 1952இல் இன்றைய தான்சானியாவின் தென்பகுதியில் இந்த நோய் பரவியபோது அந்த ஊர்க்காரர்கள் இட்ட பெயரே உலகத்துக்கும் நிலைத்துவிட்டது. சொற்களைச் சேகரிக்கும் உங்களுக்கு இது பிடிக்கும் என்பதால் முதலில் சொல்லிவைக்கிறேன். 2006இல் எங்கள் தெருவில் பாதிப் பேர் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்கள். சிலருக்குச் சில வாரங்களில் மூட்டுவலி தீர்ந்தது, சிலருக்கு ஓர் ஆண்டைக் கடந்தும் இருந்தது. மருந்து பற்றி உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் ‘முழுதாகச் சரியாகும்வரை’ என்ற தவணைக்கு எவராலும் தேதி குறிக்க முடியாது என்பதால், அதை நம்பி மூட்டை கட்டுவதற்கு என் மனம் ஒப்பவில்லை.

இழுத்துக்கொண்டு போவதற்கும் ஒப்பவில்லை, ஏனென்றால் அதை நான் செய்து பார்த்திருக்கிறேன். ஒரு நாவலின் நடுவில் டைஃபாய்டு வந்து படுத்தபோது, தலையணையை மடியில் வைத்துக்கொண்டு பிடிவாதமாக முப்பது பக்கம் எழுதினேன். எழுதும்போது அவை என் வாழ்நாளிலேயே சிறந்த பக்கங்களாகத் தெரிந்தன. குணமாகி எடுத்துப் பார்த்தால், ஏழாம் அத்தியாயத்தில் நான் கொன்றுபோட்ட கிழவர் எட்டாம் அத்தியாயத்தில் வாசற்கதவைத் திறந்துவிடுகிறார். காய்ச்சல் இருக்கும் நாளில் எழுதக் கூடாது என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். அதற்குப் பயந்து அடுத்த ஐந்து மாதம் அந்தப் பக்கமே போகாமல் இருந்தது இதைவிடப் பெரிய பிழை. கட்டைப் பிரித்தபோது கையெழுத்து என்னுடையதாக இருந்தது. ஆனால் ஓர் இடத்தில் அரைப்பக்கம் ஏன் வெறுமையாக விட்டேன், ஓரத்தில் ‘தங்கை?’ என்று எதற்காகக் குறித்தேன் என்பது எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. வேகம் ஒரு மாதத்தில் திரும்ப வந்துவிட்டது. அந்தத் தங்கை இன்றுவரை வரவில்லை.

ஆகவே, இந்த மாதங்களில் நீங்கள் காப்பாற்ற வேண்டியது எத்தனை அட்டை எழுதினோம் என்ற கணக்கை அல்ல, எங்கே விட்டோம், அடுத்து என்ன கேட்க இருந்தோம் என்ற நினைவை. அதற்கு நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். அட்டைப் பெட்டியைத் திறந்து நான்கைப் படித்துவிட்டு மூடினாலும் அது வேலைதான்.

சார்லஸ் டார்வினின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி கப்பற்பயணம் அல்ல. லண்டனுக்குத் தெற்கே ஒரு கிராமத்து வீட்டில், வாந்தியும் நெஞ்சுப் படபடப்பும் அசதியுமாக அவர் கொட்டலசுகளை வகைப்படுத்திக்கொண்டிருந்த ஆண்டுகள்தான். உங்கள் பக்கத்துக் கடற்கரையில் பாறையிலும் படகின் அடியிலும் ஒட்டிக்கொண்டு காலைக் கிழிக்குமே, அதே கொட்டலசுதான். 1846இல் தொடங்கிய அந்த வேலை 1854இல் முடிந்தது. எட்டு ஆண்டில் ஏறக்குறைய இரண்டு ஆண்டு நோயில் போனது என்று தன் நாட்குறிப்பைப் பார்த்து அவரே கணக்குச் சொல்கிறார். அந்தக் கணக்கில் புலம்பல் இல்லை. எட்டு ஆண்டு வேலை என்றால் அதற்குள் இரண்டு ஆண்டு படுக்கையும் அடக்கம், அவ்வளவுதான். அவருடைய அன்றாடமும் அப்படியே இருந்தது: காலை எட்டு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம், கடிதங்கள் வாசிக்க ஒரு மணி நேர இடைவெளி, மறுபடி நண்பகல் வரை ஒன்றரை மணி நேரம், அதோடு அன்றைய முக்கியமான வேலை முடிந்துவிடும். முப்பது நாற்பது பெரிய உறைகளுக்குத் தலைப்பிட்டு அலமாரியில் வைத்திருந்தார், எந்தக் குறிப்பு எப்போது கிடைத்தாலும் உரிய உறையில் போட்டுவிடுவார். அதனால் பத்து நாள் படுத்துவிட்டு வந்தாலும் உறையைத் திறந்தால் வேலை விட்ட இடத்திலேயே காத்திருக்கும். உங்கள் கல்யாணப் பத்திரிகை அட்டைகளும் அந்த வகையைச் சேர்ந்தவைதான்.

இதைச் சொல்லும்போதே ஒரு கூச்சமும் வருகிறது. டார்வினுக்கு அப்பா வைத்துப்போன சொத்து இருந்தது, சமைக்க ஆள் இருந்தது, பிற்பகலில் படுத்தால் நாவல் வாசித்துக்காட்ட மனைவி எம்மா இருந்தார். உங்களுக்கு இருப்பது பள்ளி மணியும் அடுப்பும். ஆகவே மூன்று மணி நேரத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை. பள்ளி நாட்களில் பெட்டியைத் திறந்து மூடுவதோடு நிறுத்திக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரத்தை மட்டும் கேட்கிறேன், அதுவும் விரல் இளகும் பிற்பகலில்.

அந்த அரைமணியிலும் எழுத வேண்டாம். விரலுக்கு வந்த நோய் காதுக்கு வரவில்லையே. பதினோரு மணி நேரப் பேச்சைப் படுத்துக்கொண்டே கேளுங்கள். புதுச்சொல் காதில் விழுந்தால் அது எத்தனையாவது நிமிடம் என்ற எண்ணையும் அந்த ஒரு சொல்லையும் மட்டும் குறியுங்கள். ‘14, கூப்பனி’, ‘22, மிருக்குத்தடி’ என்ற அளவுக்கு மேல் ஓர் எழுத்தும் வேண்டாம். பொருளும் வாக்கியமும் பதிவிலேயே பத்திரமாக இருக்கின்றன. சொன்னால் தானே எழுதிக்கொள்ளும் வசதி செல்பேசியில் இருக்கிறதே என்று யாராவது உங்களுக்கு யோசனை சொல்லக்கூடும். என்னிடம் அது கூப்பனியைக் ‘கம்பெனி’ ஆக்கித் தந்தது. வட்டாரச் சொல்லுக்கு அதை நம்பாதீர்கள். உங்கள் குரலையே பதிந்துவைத்தால் போதும்.

பருவம் போய்விட்டது என்கிறீர்கள். விடிலிப் புகையும் பதநீர் காய்ச்சும் பக்குவமும் அடுத்த பருவத்துக்குத்தான். அதில் ஆறுதல் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் பாளை சீவும் மாதங்களில் காலையும் மாலையும் மரமேறும் மனிதருக்கு உங்களோடு உட்கார்ந்து பேச நேரம் ஏது? கலயங்கள் கவிழ்ந்து கிடக்கும் இந்த மாதங்களில்தான் கருக்கு, பன்னாடை, ஈர்க்கு, வடலி என்று ஒவ்வொன்றாக எடுத்து நிதானமாகக் கேட்க முடியும்.

‘கடிப்பு’ அட்டை பாதியில் நிற்பதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். என் ‘தங்கை?’யைப் போல அல்லாமல், அடுத்த கேள்வி அதிலேயே இருக்கிறது. ஆண்பனையான அலகுப்பனைக்கு வைக்கும் கடிப்பும் பெண்பனையான பருவப்பனைக்கு வைக்கும் கடிப்பும் எதில் வேறுபடுகின்றன, அந்த வேறுபாடு எதற்காக? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதாவது பனையேறி வீட்டுக்குப் போய், செல்பேசியைத் திண்ணையில் வைத்துவிட்டு, இதை மட்டும் கேட்டு வாருங்கள். ‘அலகுப்பனைக்கு’ என்பதற்கு அடுத்து என்ன வந்தது என்று எனக்கும் எழுதுங்கள், நான்கு வரிக்குள்.