பட்டை விளிம்புக் கிண்ணம் வாங்குகிறீர்களா?

கேள்வி: மரப்பட்டையோடு கடைந்த கிண்ணம் ஒன்றை இணையத்தில் வாங்கினேன். வந்தபோது நல்ல வட்டம். ஒரு மாதத்துக்குள் முட்டை வடிவமாகிவிட்டது, மேசையில் வைத்தால் ஆடுகிறது. விளிம்பில் ஓரிடத்தில் பட்டையும் நெகிழ்ந்திருக்கிறது. விற்றவரைக் கேட்டால் "மரம்னா அப்படித்தான்" என்கிறார். பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். ஆனால் எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதில் தெளிவாக இருங்கள். "கோணிவிட்டது" என்று மட்டும் சொன்னால் அவர் எளிதாகத் தப்பித்துவிடுவார்.

இந்த வகைக் கிண்ணத்துக்கு அடிமரத் துண்டை நீளவாக்கில் பிளந்து, ஒரு பாதியை லேத்தில் (மரத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) மாட்டுகிறார்கள். பட்டை இருக்கும் பக்கம் வாய், மரத்தின் நடுவை நோக்கிய பக்கம் அடி. மரம் உருண்டை என்பதால் விளிம்பு இரண்டு இடத்தில் ஏறி, இரண்டு இடத்தில் இறங்கி வரும். பெரும்பாலும் பச்சை மரத்திலேயே, ஒரே தடவையில், மெல்லிய சுவராகக் கடைந்து முடித்துவிடுவார்கள். சாதாரணக் கிண்ணம் என்றால் முதலில் தடிமனாகக் கடைந்து, மாதக்கணக்கில் உலரவிட்டு, மறுபடி லேத்தில் ஏற்றி வட்டமாக்கலாம். பட்டை விளிம்பில் அப்படிச் செய்தால் விளிம்பு ஓரிடத்தில் தடித்தும் இன்னோரிடத்தில் மெலிந்தும் போய் அசிங்கமாகிவிடும். அதனால்தான் அந்த வழிக்குப் பலரும் போவதில்லை.

உலரும்போது மரம் நீளவாக்கில் கிட்டத்தட்டச் சுருங்குவதே இல்லை, குறுக்கேதான் சுருங்கும். அதிலும் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் ஏற்படுவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. வட்டம் முட்டையாவது இதனால்தான். மரத்துக்குள் இருக்கும் ஈரப்பதம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகே இந்தச் சுருக்கம் தொடங்கும். ஆக, வட்டமாக வந்த கிண்ணம் உங்கள் வீட்டில் கோணியது என்றால், ஈரம் காயாமலே அதைப் பொதியில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். ஒழுங்காகச் செய்பவர் உலர்ந்து கோணும்வரை காத்திருந்து, அடியைத் தேய்த்துச் சமமாக்கிய பிறகுதான் விற்பார். கோணலைக் குறையென்று சொல்ல மாட்டேன். கோணி முடிவதற்குள் விற்றதுதான் குறை.

இதற்குச் சான்றும் நீங்களே சேர்க்கலாம். சமையலறைத் தராசில் கிண்ணத்தை நிறுத்து, எண் தெரியும்படி படம் எடுங்கள். ஒரு வாரம் கழித்து அதே தராசில் மறுபடி நிறுங்கள். எடை குறைந்துகொண்டே போனால் இன்னும் உலர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். விற்பனைப் பக்கத்தில் "நன்கு உலர்ந்தது" என்று போட்டிருந்தால் அதையும் இப்போதே படமெடுத்து வையுங்கள், நாளைக்கு அந்த வரி காணாமல் போகலாம்.

பட்டை நெகிழ்வது வேறு கதை. மரம் துளிர்விட்டு வளரும் பருவத்தில் பட்டைக்கு அடியிலுள்ள திசு ஈரமாக வழுக்கும். அப்போது வெட்டிய மரத்தில் பட்டை லேசில் கழன்றுவிடும். வளர்ச்சி ஓய்ந்த பருவத்தில் வெட்டியதில் பிடித்து நிற்கும். கைதேர்ந்தவர்கள்கூடப் பாதுகாப்புக்காக அந்த இணைப்பில் தண்ணீர் போன்ற சூப்பர் க்ளூவை ஊறவிடுவார்கள். அதில் தப்பில்லை. உங்கள் கிண்ணத்தில் நெகிழ்ந்த இடம் சின்னது என்றால் அதே பசையால் அவரே சரிசெய்து தரட்டும். ஆனால் சுவரில் வெடிப்பு கண்டிருந்தால் பழுதுபார்ப்புக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள், பணத்தையே கேளுங்கள்.

கேள்வி: பலகையில் செய்து, விளிம்பை வளைவாக அறுத்துக் கருஞ்சாயம் பூசி "இயற்கை விளிம்பு" என்று விற்பதாகக் கேள்விப்பட்டேன். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: விளிம்பு உயர்ந்திருக்கும் இரண்டு இடங்களில் வெளிச்சுவரைப் பாருங்கள். மரத்தின் குறுக்கு வெட்டுமுகம் தெரிவது அங்கேதான். ஆண்டு வளையங்கள் வில்லாக வளைந்து, பட்டை விளிம்போடு இணையாகப் போக வேண்டும். வளையக் கோடுகள் விளிம்பில் வந்து முட்டி வெட்டுப்பட்டு நின்றால் அது அறுத்துச் செய்த விளிம்பு. பட்டைக்குக் கீழே அதை ஒட்டிய வெளிப்புற மரம் வெளிர் நிறமாகத் தெரிந்தால் அந்த வெளிர்ப்பகுதியும் பட்டையோடு கூடவே ஏறி இறங்கும். சாயத்தால் இதையெல்லாம் போலியாகக் கொண்டுவருவது பெரும்பாடு.

பட்டையே இல்லாமல், அது உரிந்த தடத்தோடு இருப்பதைப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். சிலர் வேண்டுமென்றே பட்டையை எடுத்துவிடுவார்கள். அன்றாடம் கையாளப் போகிறீர்கள் என்றால் நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

இன்னொரு சோதனை: கறுப்புத் தாளின் மேல் கிண்ணத்தைக் கவிழ்த்து மெல்லத் தட்டுங்கள். மாவு மாதிரி தூள் கொட்டி, வெளிர் மரத்தில் 1 முதல் 2 மில்லிமீட்டர் துளைகளும் தெரிந்தால் உள்ளே வண்டு இருக்கலாம். வீட்டிலுள்ள மற்ற மரச்சாமான்களுக்கும் அது பரவும். வாங்காதீர்கள்.

கேள்வி: இதில் உணவு வைக்கலாமா?

பதில்: உலர்ந்த பண்டம் வைக்கலாம். ஈரமானது பட்டையின் இடுக்கில் போய்த் தங்கும், பிறகு கழுவியும் போகாது. என்ன எண்ணெய் பூசியது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வால்நட் எண்ணெய் என்றால், கொட்டை ஒவ்வாமை உள்ளவர் வீட்டுக்கு வேண்டாம். மெருகு மங்கினால் சமையல் எண்ணெயைத் தடவாதீர்கள், சிக்கு வாடை அடிக்கும். ஊறவைப்பது, மைக்ரோவேவ், பாத்திரம் கழுவும் இயந்திரம் மூன்றும் கூடாது.

கேள்வி: நானே கடைந்து பார்க்க ஆசை. லேத் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: எடையையும், எவ்வளவு மெதுவாகச் சுழலும் என்பதையும். பாதி அடிமரத்தில் எடை ஒருபுறமாகச் சாய்ந்திருக்கும். லேசான இயந்திரம் அதோடு சேர்ந்து குதிக்கும். வேகத்தைக் குறைந்த அளவிலிருந்து படிப்படியாகக் கூட்ட முடிய வேண்டும். லேத்தில் எத்தனை விட்டம் வரை சுழற்றலாம் என்று விளம்பரத்தில் போடுவார்கள். கரடுமுரடான கட்டை அந்த அளவுக்குள் தட்டாமல் சுழல வேண்டும், ஆகவே கிண்ணம் அதைவிடச் சின்னதாகத்தான் வரும்.

கையிலுள்ள பணம் முழுவதையும் இயந்திரத்திலேயே போட்டுவிடாதீர்கள். கட்டையைக் கவ்விப் பிடிக்கும் நான்கு தாடை சக், கிண்ண உளி, அதைத் தீட்டச் சாணை, முழு முகக்கவசம் என்று செலவு வரிசையாக வரும். முகக்கவசத்துக்குப் பதில் கண்ணாடி போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பட்டைத் துண்டு தெறித்தால் கண்ணில் மட்டுமா படும்? இந்த விளிம்பில் உளி பாதி நேரம் மரத்தையும் பாதி நேரம் வெறும் காற்றையும் வெட்டும். சுழலும்போது உயர்ந்த பகுதிகள் மங்கலாகத்தான் தெரியும், அங்கே விரல் போனால் போனதுதான். அதனால் முதலில் சாதாரண விளிம்புக் கிண்ணங்கள் சிலவற்றைக் கடைந்து கை பழகுங்கள். பட்டை விளிம்பில் உப்புத்தாள் போடும்போது லேத்தை நிறுத்திவிட்டுக் கையாலேயே தேயுங்கள்.