வேரைப் பிடித்தால் சொல் வருமா? ஆங்கிலச் சொல்வளம்: கேள்வி பதில்

கோத்தகிரி, பிளஸ் டூ மாணவி: சார், கிரேக்க, லத்தீன் வேர்ச்சொற்கள் இருநூறு கொண்ட பட்டியலை மனப்பாடம் செய்கிறேன். ஒரே வாரத்தில் மறந்துபோகிறது. என்ன செய்யலாம்?

முதலில் அந்தப் பட்டியலை மூடி வையம்மா. வேரிலிருந்து சொல்லுக்குப் போவது கடினம். தெரிந்த சொல்லிலிருந்து வேருக்குப் போனால் தங்கும். 'எக்ஸ்போர்ட்', 'டிரான்ஸ்போர்ட்', 'சப்போர்ட்' மூன்றும் உனக்குத் தெரியும். மூன்றிலும் இருக்கும் 'போர்ட்' லத்தீனில் சுமந்து செல்வது. 'எக்ஸ்' வெளியே, 'டிரான்ஸ்' ஓரிடம் கடந்து, 'சப்' அடியிலிருந்து. இனி 'டிபோர்ட்' என்று வந்தால், 'டி' என்பது அகற்றுவது என்று தெரிந்திருந்தால், ஒருவரை நாட்டைவிட்டு அனுப்புவது என்று நீயே ஊகிப்பாய்.

நோட்டில் ஒரு வேருக்கு ஒரு பக்கம். அதில் ஐந்து சொற்கள்: மூன்று தெரிந்தவை, இரண்டு புதியவை. புதியவற்றுக்குச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுது. வாரத்துக்கு மூன்று வேருக்கு மேல் வேண்டாம். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் பக்கத்தை மூடிக்கொண்டு ஐந்தையும் சொல்லிப் பார். வேர்களுக்கு முன்னால் இருபது முன்னொட்டுகளை முடித்துவிடு. அவைதான் எல்லா இடத்திலும் வரும்.

கூடலூர், ஆசிரியை: 'இல்லை' என்ற பொருளில் வரும் 'இன்' சில சொற்களில் 'இம்', 'இல்', 'இர்' என்று மாறுவதைப் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது?

புணர்ச்சி இலக்கணத்தை வைத்தே விளக்கலாம், டீச்சர். பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம் ஆகிறதல்லவா? அதே திரிதல்தான். பி, எம் எழுத்துகளுக்கு முன் 'இம்': 'இம்பாசிபிள்', 'இம்மெச்சூர்'. எல் முன் 'இல்': 'இல்லீகல்'. ஆர் முன் 'இர்': 'இர்ரெகுலர்'. ஸ்பெல்லிங்கும் இதிலேயே கிடைத்துவிடும். 'இல்லீகல்' சொல்லில் எல் இரண்டு, ஏனென்றால் ஒன்று முன்னொட்டின் திரிபு, மற்றது 'லீகல்' சொல்லுக்கு உரியது. 'இமேஜின்' சொல்லில் முன்னொட்டே இல்லை, அதனால் எம் ஒன்றுதான்.

'சப்' முன்னொட்டும் இப்படித்தான் திரியும்: 'சப்போர்ட்', 'சக்சீட்', 'சஃபர்', 'சஜஸ்ட்' நான்கிலும் ஒளிந்திருப்பது அதுவே. சொல்லின் தொடக்கத்திலேயே ஒரு மெய் இரட்டித்தால், அங்கே ஒரு முன்னொட்டு கரைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சாரியையும் உண்டு. புளி, பழம் இரண்டுக்கும் நடுவே 'அம்' வந்து புளியம்பழம் ஆவதுபோல், கிரேக்க வேர்களுக்கு நடுவே 'ஓ' வரும்: 'தெர்மோமீட்டர்', 'கேஸ்ட்ரோஸ்கோப்'. அடுத்து வருவது உயிரெழுத்து என்றால் பெரும்பாலும் அந்த 'ஓ' தேவைப்படாது: 'கேஸ்ட்ரைட்டிஸ்'. லத்தீன் வேர் என்றால் அந்த இடத்தில் 'ஐ' எழுத்து: 'ஹெர்பிவோர்'.

ஒரு பொறி மட்டும் இருக்கிறது. 'இன்ஃபிளேமபிள்' என்றால் தீப்பிடிக்காதது அல்ல, எளிதில் தீப்பிடிப்பது. அங்கே 'இன்' என்பது 'உள்ளே' என்ற வேறொரு முன்னொட்டு. கேஸ் லாரி பின்னால் வண்டி ஓட்டுகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

குன்னூர், தேயிலைத் தோட்ட மேற்பார்வையாளர்: மருந்து டப்பாக்களில் 'ஃபங்கிசைடு', 'அகாரிசைடு', 'ஹெர்பிசைடு' என்று இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள்.

'சைடு' லத்தீனில் கொல்வது, வெட்டுவது. கவனிக்க வேண்டியது முன்பாதியைத்தான். 'ஃபங்கஸ்' பூஞ்சணம், அதனால் 'ஃபங்கிசைடு' கொப்புள நோய்க்கு. 'ஹெர்பா' புல் பூண்டு, அதனால் 'ஹெர்பிசைடு' களைக்கு. 'அகாரி' கிரேக்க வழியில் வந்தது, கண்ணுக்கு அரிதாகத் தெரியும் சிலந்திப் பேன் இனம். செஞ்சிலந்திக்கு அடிக்க வேண்டியது இந்த 'அகாரிசைடு'தான். அதற்கு எட்டுக் கால். பூச்சி இனம் அல்லாததால் பல 'இன்செக்டிசைடு'களுக்கு அது சாகாது. டப்பாவில் முன்பாதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வையுங்கள். அளவுக்கு லேபிளைத்தான் பார்க்க வேண்டும், அதை எந்த வேரும் சொல்லாது.

ஊட்டி, நர்சிங் மாணவி: சிறுநீரகத்துக்கு ஒரு இடத்தில் 'ரீனல்', இன்னொரு இடத்தில் 'நெஃப்ரோ'. ஏன் இரண்டு?

முன்னது லத்தீன், பின்னது கிரேக்கம். உறுப்பைச் சொல்லும்போது லத்தீன், நோயையும் அறுவையையும் சொல்லும்போது கிரேக்கம் என்பது பொதுவான போக்கு: 'ரீனல் ஆர்ட்டரி', ஆனால் 'நெஃப்ரைட்டிஸ்'. பல்லுக்கு 'டென்ட்', 'ஓடான்ட்' என்று இரண்டு இருப்பதும் இப்படியே.

பின்னொட்டுகளில்தான் ஆபத்து அதிகம். 'எக்டமி' அகற்றுவது, 'ஆட்டமி' வெட்டித் திறப்பது, 'ஆஸ்டமி' திறந்து வாய் அமைப்பது. 'டிரக்கியாட்டமி', 'டிரக்கியாஸ்டமி' வேறுபாடு அந்த ஓர் ஒலியில் இருக்கிறது. 'ஹைப்பர்' மிகுதி, 'ஹைப்போ' குறைவு. போனில் கேட்டால் இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கும். சர்க்கரை கூடியதா குறைந்ததா என்று தமிழிலேயே திருப்பிக் கேட்டு உறுதி செய்த பிறகு எழுதம்மா.

உங்கள் பக்கத்துக் குன்னூரிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு: வெறிநாய்க்கடிச் சிகிச்சைக்காக 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம். வெறிநாய்க்கடி நோய்க்குப் பழைய பெயர் 'ஹைட்ரோஃபோபியா', நீர் பற்றிய அச்சம். விழுங்கப் போனால் தொண்டை இறுகுவதால் வந்த பெயர். 'வேக்சின்' லத்தீனில் பசுவைக் குறிக்கும் 'வாக்கா' வழி வந்தது, பசு அம்மையிலிருந்து தொடங்கிய மருந்து என்பதால். இன்றைய தடுப்பூசிக்கும் பசுவுக்கும் சம்பந்தமில்லை. வேர் பிறந்த கதையைச் சொல்லும், இன்றைய பொருளைச் சொல்லியே தீரும் என்பதில்லை.

கொடைக்கானல், சுற்றுலா வழிகாட்டி: மரம், பூ பெயர்களுக்கு அர்த்தம் கேட்கிறார்கள். குறிஞ்சிக்கு என்ன சொல்வது?

அதன் அறிவியல் பெயர் 'ஸ்ட்ரோபிலாந்தஸ்': கூம்பு, பூ. பூங்கொத்தின் வடிவம். 'ஆந்தோஸ்' என்ற பூ 'கிரிசாந்திமம்' சொல்லிலும் இருக்கிறது, அங்கே முன்பாதி பொன். 'ரோடோடெண்ட்ரான்' ரோஜா மரம். தைல மரத்தின் 'யூகலிப்டஸ்' நன்றாக மூடியது. மொட்டின் மேல் மூடி இருப்பதைக் காட்டியே விளக்கிவிடலாம். சூரிய ஆய்வகத்துக்கு அழைத்துப் போனால் 'ஃபோட்டோஸ்ஃபியர்' ஒளிக்கோளம், 'குரோமோஸ்ஃபியர்' நிறக்கோளம். தேயிலையின் 'கமேலியா'வில் மட்டும் வேர் தேடாதீர்கள். அது கமெல் என்ற இயேசு சபைத் துறவியின் பெயர்.

கொடைக்கானல், அவரே மீண்டும்: 'கேட்டா' என்றால் கீழே என்று படித்தேன். அப்படியென்றால் 'கேட்டமரான்'?

அது நம் கட்டுமரம்! கிரேக்கம் இல்லை.

பழனி, போட்டித் தேர்வு எழுதுகிறவர்: 'பெர்மிஷன்' போன்றவற்றில் 'எஸ்' வருமா, 'டி' (T) வருமா என்று எப்போதும் தடுமாற்றம்.

லத்தீன் வினைக்குப் பெரும்பாலும் இரண்டு முகம் உண்டு, தம்பி. பட்டியல்கள் ஒன்றை மட்டும் தருவதால்தான் இந்தத் தடுமாற்றம். ஜோடியாகவே எழுதி வையுங்கள்: 'மிட்–மிஸ்', 'ஸ்கிரைப்–ஸ்கிரிப்ட்', 'சீட்–செஸ்', 'டியூஸ்–டக்ட்'. 'பெர்மிட்', 'அட்மிட்', 'சப்மிட்' எல்லாம் 'மிஸ்' ஆவதால் இரட்டை எஸ். 'டிஸ்கிரைப்' 'டிஸ்கிரிப்ஷன்' ஆவதால் டி. 'டி' (D) என்ற ஒலியில் முடியும் 'டிசைட்', 'டிவைட்' எஸ் எடுக்கும். 'அட்டெண்ட்' போன்ற சில மட்டும் டி (T) வாங்கும், 'அட்டென்ஷன்' ஆவதுபோல்; அவற்றைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஊட்டி, ஓட்டல் வேலைக்கு இன்டர்வியூ போகிறவர்: ஒரு மாதம்தான் இருக்கிறது. வேர்ச்சொல் படிக்கட்டுமா?

வேண்டாம். வரவேற்பில் பேசுவது 'செக் இன்', 'புட் அப் வித்', 'ரன் அவுட் ஆஃப்' போன்ற தொடர்கள். இவற்றின் சின்னச் சொற்கள் பழைய ஆங்கிலத்துக்கே உரியவை, லத்தீன் வேர் அங்கே உதவாது. அந்த மாதத்தில் தினமும் அரைமணி நேரம் வாய்விட்டுப் பேசிப் பழகுங்கள். வேலை கிடைத்த பிறகு வேருக்கு வரலாம்.

குன்னூர், வாசகர்: 'நியூஸ்' என்பது நான்கு திசைகளின் முதல் எழுத்து என்று வாட்ஸ்அப்பில் வந்தது. சரியா?

இல்லை. 'நியூ' என்ற புதியதிலிருந்து வந்தது. சந்தேகம் வந்தால் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியின் இணையப் பக்கத்தில் சொல்லைத் தேடி, கீழே சொல் வரலாறு பகுதிக்குப் போங்கள். முதல் எழுத்துகளைக் கோத்துச் சொல்லும் பிறப்புக் கதை எந்தப் பழைய சொல்லுக்கு வந்தாலும், அங்கே பார்க்காமல் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.