செஞ்சிக்கு அம்மாவைக் கூட்டிப் போகலாமா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணாவுக்கு,

நத்தார் விடுமுறைக்கு என் தம்பி குடும்பம் கனடாவிலிருந்து வருகிறது. பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் போய், அங்கிருந்து ஒரு நாள் செஞ்சிக் கோட்டையும் பார்ப்பதாக இருக்கிறோம். மருமக்களுக்கு 14 வயதும் 11 வயதும். மலையுச்சி வரை ஏற வேண்டுமென்று நிற்கிறார்கள். அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வருத்தம். "ஏற முடியாத மனுசியை ஏன் அலைக்கழிக்கிறாய், சென்னையில சொந்தக்காரர் வீட்டில விட்டிட்டுப் போவம்" என்கிறான் தம்பி. அம்மாவும் சரி என்றுவிட்டார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. நீங்கள் செஞ்சிக்குப் போனதாக முன்பு எழுதியிருந்தீர்கள். என்ன செய்யலாம்?

வாசகி, கோண்டாவில்

அன்புத் தங்கைக்கு,

அம்மாவைக் கூட்டிப் போங்கள்.

நான் முதல்முறை போனபோது என் அம்மாவும் வந்தார். கீழ்க்கோட்டையில் ஒரு குளத்தருகே மரநிழலில் அவரை இருத்திவிட்டு நான் ராஜகிரி மலை ஏறினேன். 800 அடி உயரம், வழி முழுக்கப் படிகள், வாசலுக்குப் பின் வாசல். உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து கிடக்கிறது. ஏறக்குறைய 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதைக் கடக்க ஒரு பாலம்தான். பாலத்தை எடுத்துவிட்டால் பத்துப் பேர் நின்றே உச்சியைக் காத்துவிடலாம். மேலே ரங்கநாதர் கோயில், களஞ்சியம், ஒரு பீரங்கி. இறங்கி வந்து எல்லாவற்றையும் மூச்சுவாங்க அம்மாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அது சரி தம்பி, மேல இருந்த சனம் தண்ணிக்கு என்ன செய்தது?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கக் கிணற்றில் துலா மிதித்த வீட்டில் பிறந்தவர் அவர். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கிணற்றைத்தான் பார்ப்பார். அந்த ஒரு கேள்விக்காகவே நான் மறுமுறை செஞ்சிக்குப் போனேன்.

எங்கள் யாழ்ப்பாண மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல். மாரி மழை அதற்குள் இறங்கி, கீழே கிடக்கும் உப்புத் தண்ணீருக்கு மேல் நன்னீராக மிதக்கிறது. தோண்டினால் கிணறு. செஞ்சியோ கருங்கல் மலை. அந்தப் பாறை மழையைக் குடிக்காது, விட்டால் எல்லாம் வழிந்து ஓடிவிடும். ஓடுகிறதை மறித்து வைத்தால்தான் தண்ணீர். மலையில் சுனைகள், அடிவாரத்தில் சக்கரகுளம், செட்டிகுளம், உள்ளே யானைக்குளம். கல்யாண மகால் என்ற அரண்மனைக் கட்டடத்துக்குச் சுடுமண் குழாய் வைத்துத் தண்ணீர் கொண்டுபோயிருக்கிறார்கள். மதில் கட்டியவர்களைவிட இந்தக் குளங்களுக்கு இடம் பார்த்தவர்கள்தான் பெரிய ஆட்கள் என்று எனக்குப் படுகிறது. எங்களுக்குக் கார்த்திகையில் கொட்டுகிற அதே வடகீழ்ப் பருவமழைதான் அங்கும் பெரிய மழை. நீங்கள் போகும் நேரம் குளங்களைப் பார்க்க நல்ல நேரம். இவற்றில் பெரும்பாலானவற்றைப் பார்க்க மலை ஏறவே தேவையில்லை.

அம்மாவைக் கூட்டிப் போக இன்னொரு காரணமும் இருக்கிறது. சிவாஜி 1677இல் பிடித்த கோட்டை இது. அவருடைய மகன் ராஜாராம் உள்ளே இருக்கும்போது, 1690இல் முகலாயத் தளபதி சுல்பிகார் கான் வந்து வளைத்தார். கோட்டை விழுந்தது 1698இல். இடையில் 1692 மார்கழியில் அடைமழை. மராட்டியக் குதிரைப்படை தானியம் வரும் வழியை அறுத்துவிட, முற்றுகையிட வந்தவர்களே பட்டினி கிடந்து, அடுத்த தையில் வந்தவாசிக்குப் பின்வாங்கினார்கள். கூடாரங்களை நனைத்த மழைதானே உள்ளே குளங்களையும் நிறைத்திருக்கும்!

இந்தக் கதையை நீங்களோ தம்பியோ பிள்ளைகளுக்குச் சொன்னால் அது சரித்திரப் பாடம். அப்பம்மா பக்கத்தில் இருந்தால் கதை வேறு. தொண்ணூறுகளில் போரால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டிக் கிடந்த காலத்தில், மண்ணெண்ணெய் இல்லாமல், சவர்க்காரம் இல்லாமல், பற்றரி இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட தலைமுறை அவருடையது. வழி அடைபட்ட ஊருக்குள் ஒரு குடும்பம் எப்படிச் சாப்பிட்டது என்று அவருக்குத் தெரியும். கனடாவில் வளரும் பிள்ளைகளுக்கு அதை யாரும் இருத்திவைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். செஞ்சியில் செங்கல் வளைவுகளோடு பெரிய களஞ்சியம் ஒன்று நிற்கிறது. அதற்குள் நின்று அவர் சொல்லட்டும்.

தேசிங்கு ராஜா கதையையும் பிள்ளைகள் கேட்பார்கள். கப்பம் கட்ட மறுத்து, 1714இல் ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையோடு மோதி இறந்த இளைஞன். அவனுக்கு மக்கள் பாடிய கதைப்பாடல் இன்றும் உயிரோடு இருக்கிறது.

அப்புறம், போகும் வழி. செஞ்சி திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவில் இருக்கிறது. சென்னையிலிருந்து விடியவே வெளிக்கிடுங்கள். காலை ஒன்பது மணிக்கே வாசலில் நிற்க வேண்டும், பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு ராஜகிரி ஏற விடமாட்டார்கள். தம்பி பிள்ளைகளோடு ஏறட்டும். நான் ஏறி இறங்க மூன்று மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. அதுவரை நீங்களும் அம்மாவும் கல்யாண மகாலையும் குளங்களையும் ஆறுதலாகப் பாருங்கள். வெங்கடரமணர் கோயிலையும் விட்டுவிடாதீர்கள். அதன் தூண்களில் சில பிரெஞ்சுக்காரர் காலத்தில் கழற்றப்பட்டுப் புதுச்சேரிக் கடற்கரையில் நிற்கின்றன.

மழை பெய்த அடுத்த நாள் பாறை வழுக்கும், அன்று போகவே வேண்டாம். முடிந்தால் நத்தார் கழித்து, தைப்பொங்கலுக்கு முன் ஒரு வாரநாளாகப் பாருங்கள். 2025இல் யுனெஸ்கோ மராட்டியக் கோட்டைகளோடு செஞ்சியையும் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது, அதனால் விடுமுறை நாட்களில் சனம் கூடும். குரங்குகள் நிறைய, சாப்பாட்டுப் பையைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள். அம்மாவுக்கு ஒரு மடக்குக் கதிரை கொண்டுபோங்கள்.

புறப்படும் முன் பிள்ளைகளுக்கு எங்கள் யாழ்ப்பாணக் கோட்டையை ஒரு பின்னேரம் காட்டுங்கள். மலையே இல்லாத குடாநாட்டில், ஒல்லாந்தர் கடலேரி ஓரத்தில் அகழி வெட்டி ஐந்து மூலையாகக் கட்டியது. அதைப் பார்த்துவிட்டு செஞ்சிக்குப் போனால் கேள்விகள் தானாக வரும்.

திரும்பி வந்ததும், குளத்தைப் பார்த்து அம்மா என்ன கேட்டார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணா