வீட்டில் சுற்றிய டர்பைன் பள்ளியில் ஏன் நின்றது?

கேள்வி: திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். அனல் மின் நிலையம் எப்படி வேலை செய்கிறது என்று காட்ட, டர்பைன் சுற்றுவது போன்ற ஜிஃப் படங்களை பவர்பாயிண்டில் சேர்த்தேன். வீட்டு லேப்டாப்பில் நன்றாக ஓடின. பள்ளி ஸ்மார்ட் கிளாஸில் திறந்தால் அசையவே இல்லை. ஒன்று மட்டும் ஒரு சுற்று சுற்றிவிட்டு நின்றுபோனது. கோப்பும் 70 எம்.பி.யைத் தாண்டிவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் பள்ளிக் கணினியில் எஃப்5 அழுத்திப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும். புதிய மைக்ரோசாஃப்ட் 365 பதிப்பில் ஸ்லைடைத் திருத்தும் திரையிலேயே ஜிஃப் ஓடும். பள்ளிகளில் இன்னும் இருக்கும் 2010, 2013 போன்ற பதிப்புகளில் ஸ்லைடு ஷோ தொடங்கினால்தான் அசையும். அதுவரை முதல் படம் மட்டுமே தெரியும். நடுவில் உள்ள ஒரு ஸ்லைடிலிருந்து தொடங்க ஷிஃப்ட்டும் எஃப்5-உம் சேர்த்து அழுத்துங்கள்.

எஃப்5-க்கும் மசியவில்லை என்றால், கோப்பு எதில் திறக்கிறது என்று பாருங்கள். பிடிஎஃப் ஆக மாற்றி எடுத்துப் போயிருந்தால் அசைவு அங்கேயே போய்விட்டது. அதில் ஜிஃப் வெறும் புகைப்படம்தான். தொடுதிரைப் பேனல் என்றால், பென் டிரைவைச் செருகியதும் பேனலுக்குள் இருக்கும் ஆண்ட்ராய்டு செயலி கோப்பைத் திறந்துவிடும். அதில் அசைவு வரும் என்று நம்ப வேண்டாம். எச்டிஎம்ஐ கேபிளில் உங்கள் லேப்டாப்பையே இணைத்து, பேனலைத் திரையாக மட்டும் வைத்துக்கொள்வது மேல்.

எந்தக் கணினியிலும் அசையாத ஜிஃப் என்றால் படத்திலேயே கோளாறு. இணையப் பக்கத்திலிருந்து காப்பி செய்து நேராக ஸ்லைடில் பேஸ்ட் செய்தால் பெரும்பாலும் ஒற்றைப் படம்தான் வந்து விழும். கோப்பாகச் சேமித்து, இன்சர்ட், பிக்சர்ஸ், திஸ் டிவைஸ் வழியாகக் கொண்டுவாருங்கள். இலவசப் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் எடுக்கும்போது மூலக் கோப்பையே இறக்குங்கள். பக்கத்தில் காட்டப்படும் சிறிய உருவம் சில சமயம் அசையாத நகலாக இருக்கும். சக ஆசிரியர் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய ஜிஃப் உங்கள் கைக்கு வருவதற்குள் எம்பி4 வீடியோவாக மாறியிருக்கும். கோப்பின் பெயரில் கடைசியில் ஜிஃப் என்று எழுதிவிட்டால் அது ஜிஃப் ஆகிவிடாது. டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

ஸ்லைடில் வைத்த பிறகு செய்யும் அலங்காரமும் அசைவைக் கொல்லும். ஓரம் வெட்டுவது, பிக்சர் எஃபெக்ட் போடுவது, கோப்பைக் குறைக்க கம்ப்ரஸ் பிக்சர்ஸ் அழுத்துவது எல்லாம் ஜிஃப்புக்கு ஆபத்து, பழைய பதிப்புகளில் குறிப்பாக. வெட்டுவதை, சுருக்குவதை ஈஸிஜிஃப் போன்ற தளத்தில் முடித்துவிட்டு ஸ்லைடுக்குக் கொண்டுவாருங்கள். மூலையைப் பிடித்து அளவு மாற்றினால் ஒன்றும் ஆகாது.

ஒரு சுற்றோடு நின்ற படத்துக்கு வருவோம். எத்தனை முறை திரும்ப ஓட வேண்டும் என்ற எண் ஜிஃப் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். பூஜ்யம் என்றால் முடிவில்லாமல் ஓடும். எண்ணே எழுதாமல் விட்டிருந்தால் ஒருமுறையோடு சரி. பவர்பாயிண்டில் எங்கு தேடினாலும் இதை மாற்றும் பட்டன் கிடைக்காது. ஈஸிஜிஃப்பில் லூப் கவுண்ட் என்ற கட்டத்தில் 0 போட்டு மறுபடி சேமித்தால் போதும்.

கோப்பு ஏன் 70 எம்.பி. ஆனது? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 800க்கு 600 பிக்சல் அளவில் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது அசைவில் வரும் ஒரு தனிப்படத்துக்கு, 4,80,000 புள்ளிகள். 60 ஃபிரேம் என்றால் 2.88 கோடி. புள்ளிக்கு ஒரு பைட் வீதம், சுருக்குவதற்கு முன் ஏறக்குறைய 28 எம்.பி. தட்டையான வண்ணத்தில் வரைந்த படம் என்றால் ஜிஃப்பின் சுருக்கும் முறை அதை நன்றாகக் குறைத்துவிடும். நிஜ வீடியோவிலிருந்து எடுத்தது என்றால் அவ்வளவாகக் குறையாது. 256 வண்ணத்துக்குள் அடக்கப் போட்ட புள்ளி புள்ளியான நிரப்பல் அதை இன்னும் கெடுக்கும். அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்கினால் புள்ளிகள் கால் பங்காகும். விநாடிக்கு 10 ஃபிரேம், மூன்று விநாடி, 480 பிக்சல் அகலம்: அரை ஸ்லைடை அடைக்கும் வரைபடத்துக்கு இது தாராளம்.

உண்மையில் உங்கள் டர்பைனுக்கு ஜிஃப்பே தேவையில்லை. பவர்பாயிண்டிலேயே வரைந்து சுற்றவிடலாம், சில கே.பி.தான் கூடும், பழைய பதிப்பிலும் ஓடும், புரொஜெக்டரில் எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு உடையாது. இன்சர்ட், ஷேப்ஸில் ஒரு தகட்டை வரைந்து, நகல் எடுத்து, 45 டிகிரி வீதம் திருப்பி எட்டுத் தகடுகளை வட்டமாக அடுக்குங்கள். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் ஜி அழுத்தி ஒன்றாக்குங்கள். அனிமேஷன்ஸில் ஸ்பின் கொடுங்கள். ஸ்டார்ட் என்ற இடத்தில் வித் பிரீவியஸ். எஃபெக்ட் ஆப்ஷன்ஸ் பெட்டியைத் திறந்து டைமிங் பகுதியில் டியூரேஷன் 2 விநாடி, ரிப்பீட் என்பதில் அன்டில் எண்ட் ஆஃப் ஸ்லைடு. அதே பெட்டியின் முதல் பகுதியில் ஸ்மூத் ஸ்டார்ட், ஸ்மூத் எண்ட் இரண்டும் 0 ஆக இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் சக்கரம் தயங்கித் தயங்கி ஓடும்.

சக்கரம் தள்ளாடினால் பதற வேண்டாம். பவர்பாயிண்ட் எப்போதும் உருவத்தைச் சுற்றியுள்ள செவ்வகக் கட்டத்தின் நடுவை வைத்துத்தான் சுழற்றும். மூன்று தகடு மட்டும் உள்ள உருவத்தில் அந்த நடுவும் அச்சும் ஒன்றாக இருக்காது. அச்சை மையமாக வைத்து, எல்லாத் தகடுகளும் உள்ளே அடங்கும்படி பெரிய வட்டம் ஒன்று வரையுங்கள். அதன் நிறத்தையும் கோட்டையும் எடுத்துவிட்டு, தகடுகளோடு சேர்த்து ஒன்றாக்குங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த வட்டம் மையத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் வகுப்பில் சொல்லிவிடுங்கள். வட சென்னை அனல் மின் நிலையத்தின் 210 மெகாவாட் அலகில் இருப்பது போன்ற நீராவி டர்பைன் நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றும். விநாடிக்கு 50 சுற்று. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. அந்த வேகத்தை ஜிஃப்பில் காட்டவே முடியாது: ஓட்டம் விநாடிக்கு 50 ஃபிரேமுக்கு மேல் போவதில்லை. ஃபிரேமுக்கு ஒரு முழுச் சுற்று என்றால் திரையில் சக்கரம் நின்றுகொண்டே இருக்கும். வேகம் குறைத்துக் காட்டிய படம் என்று ஓரத்தில் ஒரு வரி போடுங்கள். எண்ணூர் பக்கப் பிள்ளைகள், அந்தப் புகைபோக்கிகளைத் தினமும் பார்ப்பவர்கள், கேட்காமல் விட மாட்டார்கள்.

கொதிகலனில் நீராவி உருவாவது, டர்பைனிலிருந்து கண்டென்சருக்கு (நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் பகுதி) போவது போன்ற நீண்ட ஓட்டத்துக்கு எம்பி4 வீடியோதான் சரி. ஜிஃப்பை நடுவில் நிறுத்தி விளக்க வழியில்லை, வகுப்புக்கு அது பெரிய குறை. ஈஸிஜிஃப்பிலேயே ஜிஃப்பை எம்பி4 ஆக மாற்றலாம், கோப்பும் பல மடங்கு குறையும். இன்சர்ட், வீடியோ வழியாகச் சேர்த்து, பிளேபேக் பகுதியில் ஸ்டார்ட் ஆட்டோமேட்டிக்கலி, லூப் அன்டில் ஸ்டாப்டு இரண்டையும் தேர்வு செய்யுங்கள். பாடத்தின் நடுவே ஆல்ட்டும் பி-யும் (P) சேர்த்து அழுத்தினால் நிற்கும், மறுபடி அழுத்தினால் ஓடும். 2013க்கு முந்தைய பவர்பாயிண்டில் எம்பி4 தகராறு செய்யும். பள்ளிக் கணினியில் எந்தப் பதிப்பு என்பதை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

ஒரு ஸ்லைடில் ஓடுவது ஒன்றே இருக்கட்டும். மூலையில் குதிக்கும் பொம்மை, மின்னும் அம்புக்குறி எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டியதுதான். பிள்ளைகளின் கண் அங்கேதான் போகும். விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும் படத்தைப் போடவே போடாதீர்கள், வலிப்பு உள்ள மாணவருக்கு ஆபத்து. நீங்கள் பேசும்போது எல்லோரும் உங்களைப் பார்க்க வேண்டுமா, ஷோ ஓடும்போது பி (B) எழுத்தைத் தட்டுங்கள், திரை கறுத்துவிடும். மறுபடி தட்டினால் திரும்பும்.

தமிழ் எழுத்து பள்ளிக் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அதற்கும் ஜிஃப்புக்கும் சம்பந்தமில்லை. ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் பகுதியில் எம்பெட் ஃபான்ட்ஸ் என்பதை வீட்டு லேப்டாப்பில் டிக் செய்து சேமித்துப் பாருங்கள்.