பங்க் விலையும் வாங்கும் வண்டியும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: 2012 வாக்கில் எங்கள் சொந்தக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு டீசல் கார் வாங்கினார்கள். இப்போது சின்ன காரில் டீசல் கேட்டால் ஷோரூமில் சிரிக்கிறார்கள். டீசலுக்கு என்னதான் ஆச்சு?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை, விலைக்குத்தான் ஆச்சு. 2010 ஜூனில் பெட்ரோல் விலையைச் சந்தைக்கு விட்ட மத்திய அரசு, லாரி, பஸ், டிராக்டர் எல்லாம் டீசலில்தானே ஓடுகின்றன என்று அதை மட்டும் மானியத்தில் வைத்திருந்தது. 2012 மே மாதக் கடைசியில் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய். லிட்டருக்கு 32 ரூபாய் வித்தியாசம், அதற்கு மேல் டீசல் வண்டி மைலேஜும் கூடக் கொடுக்கும் என்றால் யார் சும்மா இருப்பார்கள்? டீசல் ஸ்விஃப்டுக்குப் பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள். டிராக்டருக்கென்று கொடுத்த மானியத்தில் சொகுசு கார்கள் ஓடிய கூத்து அது.

கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள்தான் குறைவு. பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர், டீசல் கார் 20, டீசலுக்கு விலை ஒரு லட்சம் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 2012 விலையிலேயே கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 80 பைசாதான் மிச்சம். போட்ட லட்சத்தை எடுக்க 35 ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். தினம் 20 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு ஏறக்குறைய ஐந்து வருடம்! டாக்ஸிக்காரர் வாங்கினார், சரி. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக வாங்கியவரை என்ன சொல்ல?

அந்த ஐந்து வருடத்துக்கு விலையும் காத்திருக்கவில்லை. 2013 ஜனவரியிலிருந்து மாதம் 50 பைசா அளவில் ஏற்றிக்கொண்டே வந்து, கச்சா எண்ணெய் சரிந்துகொண்டிருந்த நேரம் பார்த்து 2014 அக்டோபரில் டீசலையும் சந்தைக்கு விட்டுவிட்டார்கள். இடைவெளி பத்து ரூபாய்ப் பக்கம் வந்துவிட்டது. 2020 ஜூனில் டெல்லியில் டீசல் பெட்ரோலையே சில பைசா தாண்டிப் போனது, மாநில வரியும் அதற்கு ஒரு காரணம். அதே வருடம் ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்து, சின்ன டீசல் எஞ்சினைத் தயாரிக்கும் செலவு எகிறவும் மாருதி டீசலையே கைவிட்டது. பெரும்பாலும் எஸ்யூவிகளில்தான் இன்னும் கிடைக்கிறது.

கேள்வி: அமெரிக்காக்காரர்கள் பெட்ரோல் விலை பார்த்தா கார் வாங்குகிறார்கள்?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: பார்க்கிறார்கள், ஆனால் சீக்கிரம் மறந்துவிடுகிறார்கள். 2008 ஜூனில் ஒரு கேலன், அதாவது சுமார் 3.8 லிட்டர், 4 டாலரைத் தாண்டியபோது ராட்சத ஹம்மரைச் சீந்த ஆளில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் அதை ஒரு சீன நிறுவனத்துக்கு விற்கப் பார்த்து, அதுவும் நடக்காமல், 2010-ல் மூடியது. 2014-க்குப் பிறகு எண்ணெய் மலிந்ததும் ஜனங்கள் மறுபடி பிக்கப், எஸ்யூவி பக்கம் சாய்ந்தார்கள். 2018-ல் ஃபோர்டு, மஸ்டாங் தவிர மற்ற கார்களை அங்கே படிப்படியாக நிறுத்தப்போவதாகவே அறிவித்தது. நான்கே வருடத்தில், 2022 ஜூனில், கேலன் 5 டாலர்! அங்கே மத்திய அரசின் பெட்ரோல் வரி கேலனுக்கு 18.4 சென்ட், 1993-லிருந்து அப்படியே நிற்கிறது. ஐரோப்பா மாதிரி வரி போட்டிருந்தால் பாதிப் பேர் சின்ன காருக்கு வந்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

கேள்வி: தினம் 15 கிலோமீட்டர் ஸ்கூட்டரில் ஆபீஸ் போகிறேன். இருப்பதை விற்றுவிட்டு எலெக்ட்ரிக் வாங்கலாமா?
- வாசகர், சென்னை

பதில்: பெட்ரோல் நூறு ரூபாய், மைலேஜ் 45 என்றால் உங்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஆகும். எலெக்ட்ரிக்கில் நூறு கிலோமீட்டருக்கு 3, 4 யூனிட் கரன்ட். யூனிட் 8 ரூபாய் என்று போட்டாலும் மாதம் 150 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆனால் நன்றாக ஓடுகிற வண்டியை விற்று, மாதம் 850 ரூபாய் மிச்சம் பிடிக்க லட்ச ரூபாய் போடாதீர்கள். பழசு ஒர்க்‌ஷாப்பே கதி என்று ஆனபிறகு தாராளமாக வாங்குங்கள். அடுக்குமாடியில் இருந்தால், பார்க்கிங்கில் உங்கள் மீட்டரிலிருந்து பிளக் பாயின்ட் இழுக்கச் சங்கத்தில் சம்மதிப்பார்களா என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.